காலியாக ஓடும் அடுப்பு

மைக்ரோவேவை நிறுத்திவிடலாமா வேண்டாமா என்ற கேள்வி சின்னவளுக்கு வந்தது வீட்டில் புகை கிளம்பிய அன்றைக்குத்தான் என்று தெருவில் எல்லாரும் நினைத்தார்கள். அது சரியல்ல. அண்ணன் அதை வாங்கிக்கொண்டு வந்து சமையல் மேடையில் வைத்த அன்றே அவளுக்குள் ஒரு முள் தைத்தது. ஆனால் அவளுக்கு எதில்தான் சந்தேகம் வராது? கதவைப் பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்கியவள் திரும்பவும் ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அதனால் தன் சந்தேகத்தை அவளே பெரிதாக மதிக்கவில்லை.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அப்பா ஒரு பெரிய பேக்கரியில் அடுப்பு பார்த்தவர். மாவு பிசைவதும் உருட்டுவதும் வேறு ஆட்களின் வேலை. அடுப்புக்குள் போவதும் அதிலிருந்து வெளியே வருவதும் அவர் பொறுப்பு. தெருவில் அவருக்கு அடுப்புக்காரர் என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரே கொஞ்சம் யோசிப்பார். வேலையை விட்டு ஓய்ந்து உட்கார்ந்த கையோடு பக்கவாதம் வந்தது. கால் பிழைத்துக்கொண்டது, பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது, வலது கை மட்டும் மரத்துப்போனது. தூக்கலாம், பிடிக்கலாம், ஆனால் கிள்ளினால் தெரியாது. புத்தி, ஒழுங்கில்லாத விருந்தாளி மாதிரி ஆகிவிட்டது. வரும், உட்காரும், பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்லாமல் எழுந்து போய்விடும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அப்பா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வாய் ஒரு பக்கமாக இழுக்க, "என்னைய எங்கயாவது கொண்டு விட்டுடாத" என்றார். மாட்டேன் என்று அவள் சொன்னாள். சொல்வதற்கு முன்னால் எதையும் நாலு தரம் புரட்டிப் பார்க்கிறவள், அதை மட்டும் யோசிக்காமல் சொன்னாள்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஓட்டல்களிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக விரிப்புகள் வரும். துவைத்துப் பிழிந்த ஈரத் துணியை இந்தப் பக்கம் இரண்டு பேர் மூலைக்கு ஒருவராகப் பிடித்து இழுத்துச் சூடான உருளைக்குள் விடவேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்கவேண்டும். நாலு பேரில் ஒருத்தி நகர்ந்தாலும் உருளை நின்றுவிடும். ஃபோன் எல்லாம் பூட்டிய பெட்டியில். வீட்டில் அப்பா தனியாக இருக்கிறார் என்று ஓடிவர முடியாது. ஓடிவர வேண்டிய தேவை வந்திருப்பதுகூடத் தெரியாது.

இதெல்லாம் தெரிந்துதான் அவள் ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்தாள். அப்பா ஒரு தரம் கேஸைத் திறந்துவிட்டு, எதற்காகத் திறந்தோம் என்பதை மறந்து போய்ப் படுத்துக்கொண்டார். கீழ்வீட்டுத் தையல்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து அணைத்தாள். அன்றிலிருந்து சின்னவள் வேலைக்குக் கிளம்பும்போது ரெகுலேட்டரைக் கழற்றி உள்ளறை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அதோடு ஆபத்து தீர்ந்தது, வேறொன்று ஆரம்பித்தது. ஆறிய சாப்பாட்டை அப்பா தொடமாட்டார். ஆயுள் முழுக்க நெருப்புக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட்டவர்; ஆறியது என்றால் அவருக்கு அது நேற்றையது, விற்காமல் திரும்பி வந்தது. பிளாஸ்கில் வைத்துப் பார்த்தாள். மரத்த கையோடு மூடியைத் திருக முடியவில்லை. சூடு தாங்கும் டப்பா வாங்கினாள். மதியம் அவர் அதைத் திறந்து, விரலை விட்டுப் பார்த்து, திரும்ப மூடி வைத்துவிடுவார். சாப்பிடாமல் மாத்திரை போடக்கூடாது என்பதால் மாத்திரையும் போகாது. சட்டை அவர் தோளில் ஆணியில் மாட்டியது போலத் தொங்கத் தொடங்கியது.

அப்போதுதான் அண்ணன் மைக்ரோவேவை வாங்கி வந்தான். வேறு ஊரில் குடும்பத்தோடு இருப்பவன், வந்தால் ஒரு பொழுது தங்குவான். தீ கிடையாது, கேஸ் கிடையாது, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், நேரம் ஆனால் அதுவே மணி அடித்து நின்றுவிடும் என்று அப்பாவுக்குச் செய்து காட்டினான். சின்னவள் அந்தப் பொத்தானின் மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தாள். ஒரு தரம் அமுக்கினால் அரை நிமிஷம் ஓடும். அப்பா இரண்டு தரம் அமுக்கி, சாப்பாட்டை வெளியே எடுத்து, ஆவி பறப்பதைப் பார்த்து, நோய் வந்த பிறகு முதல் முறையாகச் சிரித்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சலவைக்கூடத்தில் அவளுக்கு எதிர் மூலை பிடிப்பவளுக்குத் தந்தி என்று பெயர். சேதி எதுவும் அவள் வாயில் தங்காது. அவள்தான் சொன்னாள், "உங்கப்பாக்கு அடுப்பு இல்லாம இருக்கறது எங்க வீட்டுக்காரருக்கு டிவி இல்லாத மாதிரிடி. மூச்சு இருக்கும். ஆளு இருக்காது." சின்னவள் சிரித்துக்கொண்டே துணியை இழுத்தாள். அன்றைக்கெல்லாம் சிரிப்பு வந்தது.

புகை வந்தது அதற்குச் சில வாரம் கழித்து. தையல்காரம்மா வீட்டுச் சொந்தக்காரருக்குச் சொல்ல, அவர் சலவைக்கூடத்து ஆபீஸுக்குச் சொல்ல, சூப்பர்வைசர் உருளையை நிறுத்தச் சொல்லி அவளைக் கூப்பிட்டார். அவள் ஓடிவந்து சேர்ந்தபோது சன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், தட்டு மடியில், சாப்பாடு அப்படியே. வீட்டுச் சொந்தக்காரர் நல்லவர்தான். ஆனால் நல்லவர்களுக்கும் பயம் உண்டு. இன்னொரு தடவை இந்த மாடியிலிருந்து புகை வந்தால் நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று, அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ரிப்பேர்காரர் மைக்ரோவேவ் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்சுவரில் ஓர் அட்டை கருகிப் போயிருந்தது. உள்ளே ஒன்றும் வைக்காமல் ஓட்டினீர்களா என்று கேட்டார். யாராவது அப்படி ஓட்டுவார்களா என்று அவள் கேட்டாள். ஓட்டாமல் இப்படி ஆகாது என்று சொல்லி அட்டையை மாற்றிவிட்டுப் போனார். அவளுக்கு அவர்மேல்தான் சந்தேகம் வந்தது.

அந்த வாரம் அண்ணன் ஃபோனில் நிறைய பேசினான். அவன் இருக்கும் ஊரில் முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது, சுத்தமான இடம், வேளைக்குச் சுடச்சுடச் சாப்பாடு, பார்த்துக்கொள்ள ஆள். அவளும் ஒருமுறை அவனோடு போய்ப் பார்த்திருக்கிறாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. வரிசையாக நாற்காலிகள், நாற்காலியில் வரிசையாக ஆட்கள். வாசலில் ஒரு பெரியவர் அவள் கையைப் பிடித்து, வந்துட்டியா, கிளம்பலாமா என்று கேட்டார். அவருக்கு அவளைத் தெரியாது. கையை விடுவித்துக்கொள்ள அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. அந்தப் பிடி இன்னும் மணிக்கட்டிலேயே இருந்தது.

"நான் கெட்டவன் இல்ல பாப்பா" என்றான் அண்ணன். "ஆனா நீ வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அப்பாவும் வீடும் சேந்து எரிஞ்சு கெடந்தா யாரு பதில் சொல்றது? ஒண்ணு அந்தப் பெட்டிய தூக்கிப் போடு, இல்ல அவரை இங்க கொண்டாந்து விடு."

பெட்டியைத் தூக்கிப் போட்டால் அவர் சாப்பிடமாட்டார். சாப்பிடாவிட்டால் தனியாக விட முடியாது. தனியாக விட முடியாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் வீடு இல்லை. எந்தப் பக்கமிருந்து நூலைப் பிடித்து இழுத்தாலும் முடிச்சு அந்தப் பெட்டியில் வந்து நின்றது. ஆகவே பெட்டியைத்தான் சரிசெய்ய வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். முதலில், அப்பா அதை எப்படித்தான் உபயோகிக்கிறார் என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

விடுமுறை நாளில், வேலைக்குப் போவது போலவே உடுத்திக்கொண்டு, போயிட்டு வரேன்ப்பா என்று சொல்லி, கதவைத் திறந்து மூடிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். சொந்த வீட்டில் திருடி மாதிரி ஒளிந்துகொண்டிருப்பது அவளுக்கே கேவலமாக இருந்தது. கதவிடுக்கு வழியாகச் சமையல் மேடை தெரிந்தது.

மதியம் அப்பா வந்தார். தட்டை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பெட்டியின் கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, உதட்டைக் குவித்து ஊதினார். ஒட்டிய மாவைத் தட்டிவிடுவது போலக் கையால் அடித்தட்டைத் துடைத்தார். பிறகு கதவைச் சாத்தி, சிவப்புப் பொட்டை அமுக்கினார். ஒன்று, இரண்டு என்று இல்லை, அமுக்கிக்கொண்டே இருந்தார். பெட்டி விளக்கெரிந்து சுற்றத் தொடங்கியது. தட்டு வெளியேதான் இருந்தது.

மணி அடித்ததும் கதவைத் திறந்து, இடது கையை உள்ளே விட்டு, உள்ளங்கையை மேலே திருப்பி நிறுத்தினார். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பழைய பேக்கரி அடுப்பில் அவர் அப்படித்தான் சூடு பார்ப்பார். கை தாங்குகிற வரைக்கும் எண்ணி, எண்ணிக்கை எவ்வளவு சீக்கிரம் அறுந்துபோகிறதோ அவ்வளவு சூடு. இந்தப் பெட்டியில் எண்ணிக்கை அறுந்துபோகவே இல்லை. "இன்னும் ஏறல" என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் கதவைச் சாத்தினார், மறுபடியும் அமுக்கினார். லேசாகக் கருகல் வாடை வந்தது.

சின்னவள் எழுந்து வெளியே வந்தாள். எங்கிருந்து வந்தாள் என்று அவர் கேட்கவில்லை. சாப்பாட்டை உள்ளே வைத்துவிட்டுத்தான் அமுக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்து முதல் நாளே உளறுகிறவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சூடேறாத பச்ச அடுப்புல எவனாவது ரொட்டி வைப்பானா?"

இது அந்த மாதிரி அடுப்பு இல்லை, இதில் சுவர் சூடாகாது, சாப்பாடு மட்டும்தான் சூடாகும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் தலையாட்டினார். மறுநாள் சாயங்காலம் அவள் வந்து முகர்ந்து பார்த்தபோது அதே வாடை. பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். அவர் அதை வாய்விட்டுப் படித்து, சரியாத்தான் எழுதியிருக்கு என்று பாராட்டிவிட்டு, காலிப் பெட்டியை ஓடவிட்டார். எத்தனையோ வருஷமாக அதிகாலையில் எழுந்து கை செய்த வேலையை ஒரு காகிதம் வந்து நிறுத்துமா?

வழி வேலை நேரத்தில் தோன்றியது. பெட்டி காலியாக ஓடக் கூடாது, அவ்வளவுதானே. அப்பா எதையும் உள்ளே வைக்க வேண்டாம். உள்ளே எப்போதும் ஒன்று இருந்துவிட்டால் போயிற்று. சாயங்காலம் ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, பெட்டிக்குள் ஓர் ஓரமாக வைத்தாள். மறுநாள் காலையில் அப்பா திறந்து பார்க்கும்போது அவள் வேண்டுமென்றே பக்கத்தில் நின்றாள். எடுத்து வெளியே வைத்துவிடுவாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா தம்ளரைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. "நீராவிக்கா?" என்றார்.

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. "ஆமாப்பா."

"நல்லது. ரொட்டியோட மேல் தோல் வெடிக்காது." தம்ளரை இன்னும் கொஞ்சம் மூலைக்குத் தள்ளி வைத்தார். எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவராக.

அந்த மாதிரி சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை. தானாக ஒன்றை யோசித்து அது பலித்தும் விட்டது. கருகல் வாடை போய்விட்டது. தட்டு காலியாக இருந்தது, மாத்திரை போயிருந்தது. அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தான். பிறகு, நம்ம வீட்டு மூளையெல்லாம் உனக்கே போயிடுச்சு என்றான். தந்தி விஷயத்தைச் சலவைக்கூடம் முழுக்கப் பரப்பினாள். இருந்தாலும் சின்னவள் வீட்டுக்கு வந்ததும் முதலில் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். தம்ளர் மூலையில் இருக்கும், பாதித் தண்ணீரோடு. அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்க்கிறவள், இதை ஒரு நாளைக்கு ஒரே ஒரு தரம்தான் பார்த்தாள்.

ஒரு சாயங்காலம் அவள் வந்தபோது அப்பா சன்னலோரம் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டீங்களாப்பா என்றாள். சாப்பிட்டாயிற்று என்றார். மாத்திரை? ஆயிற்று. அவர் மடியில் வலது கை மல்லாந்து கிடந்தது. உள்ளங்கை முழுவதும் ஒரே கொப்புளம். விரல்களின் அடியில் தோல் வழன்று, ஈரமாக, சிவப்பாக இருந்தது.

"கை என்னாச்சுப்பா?"

அவர் குனிந்து பார்த்தார். யாரோ ஒருவர் மறந்து வைத்துவிட்டுப் போன கையைப் பார்ப்பது போல.

அவள் சமையல் மேடைக்கு ஓடினாள். தம்ளர் பெட்டிக்கு வெளியே இருந்தது, கீழே தண்ணீர் சிந்திக் காய்ந்திருந்தது. உள்சுவரில் புதிய அட்டையிலும் கறுப்பு படர்ந்திருந்தது. ஏன் தம்ளரை எடுத்தீங்க என்று அவள் கேட்டாள். கேட்டபோது அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

அப்பா பொறுமையாகச் சொன்னார். "நீராவி மொதல்ல மட்டுந்தாம்மா. அப்புறம் தண்ணிய எடுத்துடணும். எடுக்கலன்னா ரொட்டி அவிஞ்சு கூழாப் போயிடும்."

தினமும் அப்படித்தான் செய்திருக்கிறார். கொதிக்கிற தம்ளரை எடுத்து வெளியே வைத்து, காலிப் பெட்டியைக் கொஞ்சம் ஓட்டி, சாப்பாட்டைச் சூடு பண்ணி, எல்லாம் முடிந்தபின் தம்ளரை ஒழுங்காக அதன் இடத்தில் திரும்ப வைத்திருக்கிறார். இத்தனை நாள் கொடியில் தொங்கிய தடித்த துணியால் பிடித்து எடுத்திருக்கிறார். அந்தத் துணியை அன்று காலையில்தான் அவள், அழுக்காக இருக்கிறதே என்று, வாளியில் ஊறப்போட்டுவிட்டுப் போயிருந்தாள். துணி இல்லாததால், எந்தக் கைக்குச் சூடு தெரியாதோ அந்தக் கையால் எடுத்திருக்கிறார். அவர் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை. அதை நினைத்தபோதுதான் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டே, கூட யாரும் இல்லையா என்று கேட்டாள். நான் இருக்கேன் என்றாள் சின்னவள். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "இல்லம்மா. அந்த நேரத்துல." அவள் அதட்டவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. அதனால்தான் அது உள்ளே போய் உட்கார்ந்தது.

அண்ணனிடம் மறைக்க முடியவில்லை. அவன் கத்தவில்லை. இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது, வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பார்கள், அதற்குமேல் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று மட்டும் சொன்னான். சின்னவள் அவசர அவசரமாக, மைக்ரோவேவை எடுத்துவிடுகிறேன், இனி அது வீட்டிலேயே இருக்காது என்றாள். அப்படியானால் அவர் எப்படிச் சாப்பிடுவார் என்று அவன் கேட்டான். சாப்பிடுவார், பழகிக்கொள்வார், நான் பழக்குகிறேன் என்றாள். சொல்லும்போதே தன் வார்த்தையைத் தானே நம்பவில்லை. ஆனால் நம்புவதற்கு அவளிடம் வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலையில் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, அதை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு போய்த் தையல்காரம்மா வீட்டில் வைத்தாள். தையல்காரம்மா ஊசியை வாயில் வைத்துக்கொண்டு, நல்ல காரியம் பண்ணினே, ராத்திரி நிம்மதியாத் தூங்குவேன் என்றாள். சின்னவள் மேலே வந்து, பெட்டி இருந்த இடத்தைத் துடைத்தாள். அப்பாவுக்குச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைத்தாள். ஆறினாலும் ருசி கெடாதது எது என்று யோசித்து யோசித்துச் சமைத்திருந்தாள். இன்னைக்கு இப்படியே சாப்பிடுங்கப்பா, எனக்காக, என்று கெஞ்சினாள். அவர் சரி என்றார். அவர் எதற்கும் சரி என்றுதான் சொல்வார்.

அன்று முழுக்கச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஈர விரிப்பின் மூலையைப் பிடித்து இழுக்கும்போதெல்லாம் அது கோணிக்கொண்டு போனது. தந்தி முதலில் திட்டினாள், பிறகு திட்டுவதை நிறுத்தி, பேசாமல் அவள் பக்கத்து மூலையையும் சேர்த்து இழுத்துவிட்டாள். உருளையிலிருந்து வரும் ஆவி முகத்தில் அடித்தது. அப்பா சாப்பிட்டிருக்க மாட்டார் என்று ஒரு மனம் சொன்னது. சாப்பிட்டிருப்பார் என்று சொல்ல இன்னொரு மனம் வாயைத் திறக்கவே இல்லை.

சாயங்காலம் கதவைத் திறந்ததும் வாடை பிடித்துப் பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை. சமையலறைத் தரையில் கோப்பைகளும் கிண்ணங்களும் சுவரோரமாக வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, ஒன்றுகூட உடையாமல். அவை எப்போதும் இருக்கும் இடம் மேடையை ஒட்டிய மர அலமாரி. அதன் கதவு சாத்தியிருந்தது. அதற்கு எதிரே முக்காலியைப் போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார், கட்டுப் போட்ட கை மடியில்.

"என்னப்பா பண்றீங்க?"

"இன்னும் மணி அடிக்கல" என்றார். உதடு காய்ந்து வெளுத்திருந்தது. தண்ணீர்கூடக் குடிக்க எழுந்திருக்கவில்லை போலிருந்தது. அடுப்பில் சரக்கு இருக்கும்போது அடுப்புக்காரன் நகரக்கூடாது.

அவள் அலமாரியைத் திறந்தாள். உள்ளே, காலையில் அவள் மூடி வைத்த தட்டு, மூடி எடுக்கப்பட்டு நடுவில் இருந்தது. சோறு காய்ந்து விறைத்திருந்தது.

"அடிச்சிடுச்சுப்பா" என்றாள்.

அவர் நம்பினார். தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் பிசைந்து ஒரு வாய் எடுத்தார். ஆறியதைத் தொடாத மனுஷர், விரலை விட்டுப் பார்த்துவிட்டு மூடி வைக்கிறவர், மென்று விழுங்கி, "நல்ல பதம்" என்றார். அடுத்த வாய் எடுத்தார்.

சின்னவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மனம் அதற்குள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அலமாரியில் மின்சாரம் இல்லை. புகை வராது. கொதிக்காது, சுடாது. சாத்திய கதவுக்குள்ளிருந்து வந்தால் அவர் சாப்பிடுகிறார். குறை ஒன்றுதான், மணி. படுக்கையருகே அலாரக் கடிகாரம் இருக்கிறது. மதியத்துக்கு வைத்து அலமாரிக்குள் ஒரு மூலையில் வைத்துவிட்டால், அது அடிக்கும், அவர் திறப்பார், சாப்பிடுவார், மாத்திரை போடுவார். அதுவரை முக்காலியை விட்டு அசையமாட்டார். எங்கும் போகமாட்டார், எதையும் தொடமாட்டார். பூட்டி வைத்தால்கூட இவ்வளவு பத்திரமாக இருக்கமாட்டார். அவள் நாள் முழுக்க நிம்மதியாக உருளை முன் நிற்கலாம். இல்லத்துக் கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிவிடலாம். எல்லாம் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தியது. அவள் உள்ளே போய்க் கடிகாரத்தை எடுத்து வந்து, பின்பக்கத்துத் திருகை மதியத்துக்குத் திருப்பத் தொடங்கினாள். மனம் லேசாகியிருந்தது. தம்ளரில் தண்ணீர் பிடித்த அன்றைக்கு லேசானது போலவே.

அந்த நினைப்பு வந்ததும் விரல் நின்றது.

அப்பாவின் மடியில் கட்டுப் போட்ட கை கிடந்தது. துணியின் ஓரத்தில் மஞ்சளாக ஈரம் கசிந்திருந்தது. அதைத் தட்டின் விளிம்பு அழுத்திக்கொண்டிருந்தது, அவருக்குத் தெரியவில்லை. சின்னவள் தட்டை மெல்ல நகர்த்தினாள். நாளைக்கு இந்த முக்காலியில் அவர் காலையிலிருந்தே உட்கார்ந்திருப்பார். தாகம் எடுக்கும், எழமாட்டார். சிறுநீர் முட்டும், எழமாட்டார். கடிகாரம் நின்றுபோனால் அவள் வரும்வரை உட்கார்ந்திருப்பார். இது தெரிந்திருந்தும், தெரிந்த அந்த நிமிஷத்திலும், கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று அவள் மனத்தில் ஒரு மூலை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அப்பாவைப் பார்த்துக்கொள்வதில் அவள் தேர்ந்திருக்கவில்லை. அவரை ஏமாற்றுவதில்தான் கை தேர்ந்திருந்தாள். பெட்டியை நிறுத்துவதா வேண்டாமா என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம், வேறொரு கேள்வியின் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான்.

கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அண்ணனுக்கு ஃபோன் செய்தாள். எடுத்ததும் வேறெதுவும் சொல்லாமல், நாளைக்கே கிளம்பி வா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள்.

இத்தனை நாள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவன், கேட்டதும் தடுமாறினான். பின்னால் அண்ணி யார் என்னவென்று விசாரிப்பது கேட்டது. "நாளைக்கா? வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கே பாப்பா. நீ கொஞ்சம் யோசிச்சு…"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் விட்டா நான் வேற ஏதாவது வழி கண்டுபிடிச்சிடுவேண்ணா."

அவன் அண்ணியிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னான். விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்று கடைசியில் சொன்னான். சொன்ன பிறகும் ஃபோனை வைக்கவில்லை.

"அப்பா என்ன பண்றாரு?"

"சாப்பிடுறாரு."

"சூடா?"

அப்பா தட்டில் ஒட்டியிருந்த காய்ந்த பருக்கைகளை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்து அவருடைய நல்ல கையில் கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று நீட்டினார்.

"இல்லண்ணா" என்றாள். "ஆறிப்போச்சு."